மூன்றாம் சானல்

முதல் முறை வந்தபோது அவர்கள் மூன்று பேர்.
இரண்டு கீபோர்ட், ஒரு டிரம் மெஷின்,
பிளாஸ்டர் ஒட்டிய லாப்டொப்.
பண்டுங்கிலிருந்து வந்த பெட்டியில்
இஸ்திரிப்பெட்டி இருந்தது,
வெள்ளிநிறச் சப்பாத்து ஒரு சோடி இருந்தது,
அடப்டர் இருக்கவில்லை.

ஐந்துலாம்புச் சந்தியில் என் கடை.
ஸ்பீக்கர், மைக், ஜெனரேட்டர் வாடகைக்கு.
தேர், கலியாணம், கட்சிக் கூட்டம்
எல்லாவற்றுக்கும் ஒரே வயர்.

பெயர்ப்பலகையைத் தொட்டு லாராஸ் கேட்டாள், இது என்ன?
ஐந்து லாம்பு, என்றேன்.
அவள் தன் டீ-ஷேர்ட்டை இழுத்துக் காட்டினாள்:
லாம்பு கூனிங். மஞ்சள் லாம்பு.
சிக்னலில் மூன்று செக்கன் எரிவதுதான் தாங்கள் என்று
சிரித்தாள்.
சாமான் தூக்க வந்த கொம்பனித்தெரு சப்ரின்
தன் வீட்டு மலாயை எடுத்து
அவர்கள் பாஷைமேல் வைத்துப் பார்த்தான்.
பாதி பொருந்தியது. மீதிக்குக் கை.
ஒல்லாந்தன் விளக்குக் கொளுத்திய இடமெல்லாம்
ஒரு சொல்லை அணைக்க மறந்து போயிருக்கிறான்.

அன்றைக்கு ஹோட்டல் நிலவறையில் நாற்பத்தொரு பேர்,
அதில் பதினொருவர் ஹோட்டல் ஊழியர்.
எர்த் சரியில்லாத கட்டடம்
ஸ்பீக்கருக்குள் புகுந்து முனகியது.
நான் முழந்தாளில் நின்று வயர் வயராகக் கழற்றுகிறேன்,
கீபோர்ட்காரன் கிலாங் கையை நீட்டித் தடுத்தான்.
முனகலின் சுருதியைத் தேடித் தேடி
ஒரு கட்டையை அழுத்தினான்.
அதன் மேலேயே பாட்டு ஏறி உட்கார்ந்தது.
எங்கள் ஊர்க் கரண்டும் இதே ஐம்பது ஹேர்ட்ஸ்தான் என்றான்
பிறகு, வாய் நிறையக் கொத்துரொட்டியோடு.

இரண்டாம் முறை பெரிய ஆட்கள்.
சிங்கப்பூர்க் கொம்பனி ஸ்பீக்கர், வெளிச்சச் சுவர்,
காலிமுகத்திடல் காற்றில் உப்பேறிய மேடை.
மொனிட்டருக்கு என்னைத்தான் போட வேண்டுமென்று
லாராஸ் பிடிவாதம் பிடித்தாளாம்.
மொனிட்டரில் நிற்பவனுக்கு மற்றவர் கேட்காதது கேட்கும்.
அவளைக் கொஞ்சம் குறை, என்றான் கிலாங்.
அவனைக் கொஞ்சம், என்றாள் அவள்.
பாட்டுக்கு ஒரு புள்ளி.
டிரம் மெஷினோடு நின்ற ஹேரு மட்டும்
எல்லாரையும் கூட்டச் சொன்னான், பாவம்.
பதினோராவது பாட்டில்
அவன் காதில் அவள் இல்லை, அவள் காதில் அவன் இல்லை.
வெளியே ஆறாயிரம் பேர்
இரண்டு குரலும் ஒட்டிக்கொண்ட இடத்தில்
போனைத் தூக்கிப் பிடித்து ஆடினார்கள்.

மூன்றாம் முறை
கரண்ட் வெட்டு ஓய்ந்து ஒரு வருஷம்.
டீசல் விலை மட்டும் இறங்கி வரவில்லை.
பம்பலப்பிட்டியில், தண்டவாளத்தோரம், சின்ன மண்டபம்.
முன்கூட்டியே பட்டியல் வந்தது:
சானல் ஒன்று கீபோர்ட். இரண்டு லாப்டொப்.
மூன்று, லாராஸ் குரல்.
வந்து இறங்கியது கிலாங் மட்டும்.

ஹேரு எங்கே? மீன் ஏற்றுமதி.
லாராஸ்?
ஏதோ ரயில் நிலையத்தில் அறிவிப்புக் குரலாம்,
பிளாட்போம் மாறினால் அவள்தான் சொல்லுவாளாம்,
சப்ரின் மொழிபெயர்த்தான்.
பாட்டுக்கு வேண்டிய அவள்
லாப்டொப்புக்குள் இருக்கிறாள், இரண்டாம் சானலில்.
அப்ப இந்த மூன்று?
பழைய பட்டியல், அழிக்க மறந்துவிட்டேன், என்றான்.
கழற்றப் போனேன்.
இருக்கட்டும் என்றான்.

ஆளில்லாத மைக் திறந்தே நின்றது.
நாலாவது பாட்டின் நடுவில்
மாத்தறை ரயில் கூவிக்கொண்டு போனது.
யன்னல் அதிர, மூன்றாம் சானல் மீட்டரில்
பச்சை ஏறியது, பச்சைக்கு மேல்
மஞ்சள்.
நான் இழுத்துக் குறைத்திருக்க வேண்டும்.
என் தொழிலே அதுதான்.
கிலாங் திரும்பிப் பார்த்தான்,
என்னையல்ல.

வயர் சுற்றி முடிய இரவு ஒரு மணி.
பில்லில் மைக் இரண்டு என்று எழுதினேன்.
அவன் பேனாவை வாங்கி மூன்று ஆக்கி
மூன்றுக்கும் காசை எண்ணி வைத்தான்.